ஆளுக்கு நூற்றைம்பது

ஆர்டிஸ் ஹௌகனின் கணவர் டெல்மர், தெற்கு டகோட்டாவில் ஒரு தானியக் கிடங்கின் எடை மேடையில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து ஊரார் வண்டிகளை எடை போட்டவர். சோளம் ஏற்றிய லாரி மேடையில் ஏறும்போதே, எண் விழுவதற்கு முன்னால், உத்தேசமாக இவ்வளவு என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். கணக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு வருகிற விவசாயியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அபராதம் கட்டுவதைவிட அந்தப் பார்வையை வாங்குவதுதான் கஷ்டம் என்று ஊரில் சொல்வார்கள். இப்பேர்ப்பட்ட எடைக்காரர் தன் சொந்த வண்டியை வாழ்நாளில் ஒரு தடவைகூட எடை மேடையில் ஏற்றியதில்லை.

ஆர்டிஸ் நேர் எதிர். பள்ளிக்கூடச் சமையலறையில் முன்னூறு பிள்ளைகளுக்குக் கண்ணளவில் சமைத்து ஓய்வு பெற்றவள். உப்பைக்கூட அளந்து போட்டதில்லை. கடைசியில் அந்த வண்டியை எடை மேடைக்கு ஓட்டிக்கொண்டு போனது அவள்தான்.

அவர்கள் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் இரண்டு வகை. குளிர்காலம் முழுக்க வாசலில் பனி வாருகிறவர்கள் ஒரு வகை. ட்ரெய்லர் வீடு ஒன்றை வாங்கி, பிக்கப் வண்டியின் பின்னால் கோத்துக்கொண்டு, டெக்சஸின் தென்கோடிக்கு ஓடிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. டெல்மர் இரண்டாம் வகைக்கு மாறினார். பிக்கப் ஏற்கெனவே இருந்தது. ட்ரெய்லரைப் பட்டணத்தில் ஒரு கடையில் பார்த்தார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை, ஆறு பேர் படுக்க இடம். பிள்ளை குட்டி இல்லாத இரண்டு பேருக்கு ஆறு பேர் படுக்க எதற்கு இடம் என்று ஆர்டிஸ் கேட்கவில்லை. ஜன்னல் பெரிதாக இருந்தது, அவளுக்கு அது போதும்.

விற்கிறவன் பிக்கப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சொன்னான்: "இந்த வண்டியா? நாள் பூரா இழுக்கும் சார். ஒன்பதாயிரம் பவுண்டு வரைக்கும் இழுக்கும். ட்ரெய்லர் ஏழாயிரம்கூட வராது. அப்புறம் என்ன யோசனை?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இதில் உள்ள சங்கடம். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. மாடு வண்டியை இழுக்கும், அதற்காக மூட்டையை அதன் முதுகில் ஏற்றினால் தாங்கும் என்று அர்த்தமில்லை. ட்ரெய்லரின் பின்பாதியில்தான் சக்கரம். அதன் மூக்கு பிக்கப்பின் கொக்கியில் உட்கார்ந்திருக்கும், எண்ணூறு பவுண்டுக்குக் குறையாமல். அது இழுக்கிற கணக்கு இல்லை, சுமக்கிற கணக்கு. ஓட்டுகிறவர், பக்கத்தில் இருக்கிறவர், கருவிப் பெட்டி, சாமான் மேல் போட்ட மூடி, எல்லாம் அந்த மூக்கோடு சேர்ந்து பிக்கப்பின் முதுகில் ஏறும். முதுகு எவ்வளவு தாங்கும் என்பதை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரிகிற தூணில் மஞ்சள் கரை போட்ட சீட்டாக ஒட்டியிருப்பார்கள். டெல்மர் அந்தக் கதவை தினம் நாலு தடவை திறந்து மூடியவர்.

அவருக்கு அதைப் படித்துக் காட்டியவர் வெண்டெல், அயோவாக்காரர். ட்ரெய்லர்களை நிறுத்திக் குளிர்காலம் முழுக்கத் தங்குகிற டெக்சஸ் முகாமில் யார் புதிதாக வந்து ட்ரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்தினாலும், மற்ற ஆண்கள் மடக்கு நாற்காலியும் காபியுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே சாயங்காலப் பொழுதுபோக்கு அது. முதல் வருஷம் டெல்மர் நுழைந்தபோது பிக்கப்பின் வால் தரையைத் தொடாத குறையாக இறங்கி, முன் விளக்குகள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னண்ணே, உங்க வண்டி வானத்தப் பாத்துக் கும்பிடுது?" என்றார் வெண்டெல். "வேண்டுதல் ஏதாவதா?"

எழுந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் டெல்மரின் கதவைத் திறந்து, தூணில் இருந்ததை வாசித்தார். பிறகு டெல்மரை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு ஆர்டிஸை. மரியாதைக்காக அவளைச் சீக்கிரம் பார்த்து முடித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் உக்காந்து, இந்த மூக்கும் உக்காந்துட்டா, பல் குத்தற குச்சிக்குக்கூட இடம் இல்லியே" என்றார். நாற்காலிகள் சிரித்தன.

ஊரார் வண்டிகளையெல்லாம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருஷம் கிளம்பும்போது ட்ரெய்லர் படியருகே குளியலறை எடை இயந்திரம் ஒன்று வந்து உட்கார்ந்தது. உள்ளே போகிற ஒவ்வொரு சாமானும் அதில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். ஆர்டிஸின் தையல் இயந்திரம் நின்றது. பீட்ரூட் ஊறுகாய்ச் சீசாக்கள் நின்றன. பீங்கான் தட்டு போய்க் காகிதத் தட்டு வந்தது. கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த இரும்பு வாணலி ஏறியபோது டெல்மர் குனிந்து பார்த்தார்.

"எட்டு பவுண்டு."

"முட்டை பொரிக்கிறதும் அதுலதான், ரொட்டி சுடறதும் அதுலதான்."

"அலுமினியத்துலயும் முட்டை பொரியும்மா."

ஒட்டிக்கொண்டுதான் பொரியும் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாணலி ஷெட்டுப் பக்கம் போயிற்று, பிறகு கண்ணில் படவில்லை. சர்ச்சில் வருஷா வருஷம் நடக்கிற பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

டெல்மரின் கருவிப் பெட்டி எடை இயந்திரத்தில் ஏறவில்லை. "அது அவசரத்துக்கு" என்றார். டெல்மரும் ஏறவில்லை. ஆள் கணக்கு வரும்போது, "ஆளுக்கு நூத்தம்பது" என்று வாயால் சொல்லிக் கூட்டிவிடுவார். வண்டி செய்கிறவர்களே ஓட்டுநருக்கு அவ்வளவுதான் போட்டுக் கணக்குப் பார்க்கிறார்களாம், எங்கேயோ படித்திருந்தார். அந்த நூற்றைம்பதை டெல்மர் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடிய காலத்திலேயே தாண்டிவிட்டார். டாக்டர் கடைசியாகச் சொன்னது இருநூற்றெழுபது. வாணலியின் எட்டைப் பிடித்துக்கொண்டு தன்னுடைய நூற்றிருபதை விட்டுவிட்ட மனிதரோடு ஆர்டிஸ் சண்டை போடவில்லை. அது பெருந்தன்மையா சோம்பேறித்தனமா என்று அவளுக்கே தெரியாது. நாற்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் மங்கிப்போயிருந்தது.

வெண்டெலின் வாயை அடைக்க டெல்மர் இன்னொன்று செய்தார். பின் அச்சுக்கு மேல் இரண்டு காற்றுப் பைகள் வைத்தார். அவற்றில் காற்றடித்ததும் தொங்கின வால் நிமிர்ந்தது, முன் விளக்கு கும்பிடுவதை விட்டது. எடை எங்கேயும் போகவில்லை, பார்வைக்குத் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான். முகாமில் எல்லாரும் பாராட்டினார்கள். எடை மேடையில் ஆயுசைக் கழித்தவருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். தெரிந்ததால்தான் நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் இருக்கிற எடை மேடைகளை அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே கடந்து போனார்.

இன்னொன்றும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கப்புறம் டெல்மருக்குத் தூக்கம் வந்துவிடும். கான்சாஸையும் ஓக்லஹோமாவையும் ஒவ்வொரு வருஷமும் ஓட்டிக் கடந்தவள் ஆர்டிஸ்தான். முகாமுக்கு ஒரு மைல் இருக்கும்போது ஓரங்கட்டுவாள், இடம் மாறிக்கொள்வார்கள். நாற்காலிக்காரர்கள் முன்னால் டெல்மர் ஓட்டிக்கொண்டு நுழைவார்.

இப்படி ஒன்பது குளிர்காலம். வண்டி ஆடவில்லை, டயர் வெடிக்கவில்லை, எதுவும் ஆகவில்லை.

ஆகஸ்டில் டெல்மர் இறந்தார். கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கப் போடுகிற உப்பு, நாற்பது பவுண்டு மூட்டை. அதைத் தோளில் வைத்துக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். மேலே சமையலறையில் இருந்த ஆர்டிஸுக்கு மூட்டை விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

"கிழிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

கிழிந்துதான் இருந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு உப்பைக் கூட்டிப் பழைய பெயின்ட் வாளி ஒன்றில் அள்ளி வைத்தாள். கொட்டுவதா, வைத்துக்கொள்வதா? முடிவு செய்ய வரவில்லை. வாளி படிக்கட்டருகே அப்படியே நின்றது.

அதிலிருந்து அவளுக்கு எதுவுமே முடிவு செய்ய வரவில்லை. சர்ச் நிலவறையில் நடந்த இரங்கல் சாப்பாட்டில், பன்றிக்கறி வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்கைத் தட்டோடு வேகவைத்த ஹாட்டிஷும் சாப்பிட்டுக்கொண்டே எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "உனக்கு என்ன பண்ணணும்னு தோணுது?" தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு போகாத மாதிரி, தொட்டால் தன் கன்னம் என்று தெரிந்தது, தன்னுடையதாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் கொண்டுவந்து குவித்த இனிப்புத் துண்டங்களை உறைபெட்டியிலிருந்து எடுத்து, உருகுவதற்குக் காத்திராமல், நின்றபடி தின்றாள். டெல்மரின் சாம்பல் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. பனி உருகி மண் இளகினால்தான் புதைக்க முடியும், அதாவது ஏப்ரல். அதுவரை ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தாள்.

நவம்பரில் டெக்சஸிலிருந்து முகாமை நடத்துகிற ரமோனா கூப்பிட்டாள்.

"ஆர்டிஸ், உங்களைத் தொந்தரவு பண்றேனேன்னு இருக்கு. உங்க இடத்துக்குப் பதினோரு குடும்பம் காத்துக்கிட்டிருக்கு. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. வெள்ளிக்கிழமைக்குள்ள வர்றீங்களா இல்லியான்னு மட்டும் சொல்லிடுங்க."

"சரி."

"சரின்னா, வர்றீங்களா?"

"சொல்றேன்னு சொன்னேன்."

அன்றைக்கே நாத்தனார் கோரின் வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். டெல்மரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி வீடு. ஊரில் முடி அலங்காரக் கடை வைத்திருந்தவள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் அசல் முடி நிறமும் அவளுக்குத் தெரியும், அவளுடையது யாருக்கும் தெரியாது. புருஷனை விவாகரத்து செய்து பல காலம் ஆயிற்று, அதன் பிறகு குணம் நன்றாகியிருந்தது, வீட்டில் துணைக்குப் பூனைகள் இருந்தன.

"வித்துடு" என்றாள். "பாஸ்டரோட மருமகன் கேக்கறான். சனிக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவான். தனியா நீ அத இழுத்துக்கிட்டு டெக்சஸ் வரைக்கும் எங்க போற? நீ அத ஓட்டினதே இல்ல."

"கான்சாஸ் பூரா நான்தான் ஓட்டினேன்."

"எப்ப?"

"உங்கண்ணன் தூங்கறப்ப."

கோரின் காபியைக் கீழே வைத்தாள். "அவன் ஒரே மூச்சா ஓட்டினேன்னு சொன்னானே."

"ஒரே மூச்சாத்தான் தூங்கினார்."

பிறகு கோரின், "சரி, உனக்குப் போகணுமா வேண்டாமா? அதச் சொல்லு" என்றாள்.

ஆர்டிஸ் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ட்ரெய்லர் நின்றது. போக வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. இங்கே இருந்தால் ஏப்ரல் வரை படிக்கட்டும் வாளியும். போனால் பெரிய ஜன்னலும், நாற்காலிக்காரர்களும், காலி நாற்காலி ஒன்றும். இரண்டு பக்கமும் சமமாக நின்றது. யோசித்துப் பார்த்தால் தராசில் வைக்க வேண்டிய விஷயம்தான்.

"எடை போட்டுப் பாக்கலாம்" என்றாள். "போற மாதிரியே எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு லாரி நிறுத்தத்துக்குப் போய் எடை போடுவோம். தாங்கற அளவுக்குள்ள இருந்தா நான் போறேன். மேல இருந்தா பாஸ்டரோட மருமகன் எடுத்துக்கட்டும்."

"இது என்ன பேச்சு? வாழ்க்கைய எடை மேடையில வச்சா முடிவு பண்றது?"

"உங்க வீட்டுல எல்லாம் அப்படித்தானே."

கோரின் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். ஆனால் ட்ரெய்லரோடு நெடுஞ்சாலையில் தனியாக விடமாட்டேன் என்று வியாழக்கிழமை காலை தடிமனான கோட்டோடு வந்து நின்றாள். ஆர்டிஸ் எல்லாவற்றையும் டெல்மர் ஏற்றியபடியே ஏற்றியிருந்தாள். காற்றுப் பையில் காற்று, பின்னால் மூடிக்குக் கீழே கருவிப் பெட்டி, முன் சீட்டின் நடுவில் கறுப்பு டப்பா.

"இவனையுமா?"

"போறப்போ கூட வருவாரே. வீட்ட அடைச்சு ஹீட்டரக் கொறச்சிட்டு ஃப்ரிட்ஜ் மேல விட்டுட்டா போக முடியும்?"

"அவனுக்கென்ன குளிரவா போகுது" என்று சொல்லிவிட்டு கோரின் டப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். "ஆறு பவுண்டு இருக்குமா?"

"இருக்கும். நீ எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"எடை."

"நூத்தம்பது" என்றாள் கோரின், கண் இமைக்காமல்.

ஆர்டிஸ் வண்டியை எடுத்தாள்.

லாரி நிறுத்தத்தின் எடை மேடையில் மூன்று பலகைகள். முன் சக்கரம் ஒன்றில், பின் சக்கரம் ஒன்றில், ட்ரெய்லர் ஒன்றில் நிற்க வேண்டும். அழுத்துகிற பொத்தான் லாரிக்காரர்களின் உயரத்தில் இருந்தது. ஆர்டிஸ் கதவைத் திறந்து, படிப்பலகையில் ஏறி நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு எட்டி அழுத்தினாள். அப்படி நின்றபோது தூணில் ஒட்டியிருந்தது அவள் முகத்துக்கு நேராக இருந்தது. வண்டியும் அதில் ஏறியதும் எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டக் கூடாது.

ஒலிபெருக்கியில் தூக்கக் கலக்கமாக ஒரு பெண் குரல் வந்தது. "முதல் எடையா, மறு எடையா?"

"முதல்."

"கம்பெனி பேரு?"

ஆர்டிஸ் யோசித்தாள். "ஹௌகன்."

"வண்டி நம்பர்?"

"ஒண்ணுதான் இருக்கு."

"சரி ஹௌகன், ஓரமா நிறுத்திட்டு உள்ள வந்து சீட்ட வாங்கிக்கங்க."

சீட்டை வாங்கிக்கொண்டு வந்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, முன் சக்கர எண்ணையும் பின் சக்கர எண்ணையும் கூட்டினாள். ஏழாயிரத்து எண்பது.

"நூத்தி எண்பது அதிகம்" என்றாள்.

கோரின் மூச்சு விட்டாள். ஆகவேண்டியது ஆயிற்று, சனிக்கிழமை பாஸ்டரின் மருமகன் வருவான், அண்ணி இரண்டு தெரு தள்ளி பத்திரமாக இருப்பாள். அவள் கேட்டதுதான் நடந்திருந்தது. மடியில் இருந்த டப்பாவை நகத்தால் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆர்டிஸ் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். ஏமாற்றம் என்று ஒன்று வரும் என்று காத்துப் பார்த்தாள், வரவில்லை. மனசு தானாக வேறு கணக்கு போட்டது. கோரின் இருந்த இடத்தில் டெல்மரை வைத்தால் எவ்வளவு? ஒன்பது குளிர்காலமும் இந்த வண்டியில் அதிகமாக இருந்தது ஏறக்குறைய ஒரு முழு டெல்மர். வாணலியையும் ஊறுகாயையும் இறக்கி வைத்தது எதற்கு என்று யாரிடம் கேட்பது.

"நான் இறங்கிட்டா?" என்றாள் கோரின்.

"என்ன?"

"நீ போறப்போ நான் இருக்க மாட்டேனே. என்னக் கழிச்சுப் பாரு."

"நீ நூத்தம்பது" என்றாள் ஆர்டிஸ். "உன்னக் கழிச்சாலும் முப்பது அதிகம்தான். சொன்ன சொல்லு சொன்னதுதான். சனிக்கிழமை வரச் சொல்லு."

கோரின் வெளியே பார்த்தாள். லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். அவள் முடி நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தால்கூட இதைவிடச் சுலபமாகச் சொல்லியிருப்பாள்.

"நூத்தி எண்பத்திரண்டு" என்றாள்.

ஆர்டிஸ் திரும்பினாள்.

"டாக்டர் வீட்டு எடை. செருப்பக் கழட்டிட்டு. போதுமா?"

"போன வாரமா?"

"போன வருஷம். இப்ப கேக்காத."

ஹௌகன் குடும்பத்தில் ஒருவர் தன் எடையைத் தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னவள் ட்ரெய்லர் விற்றுப்போக வேண்டும் என்று விரும்பியவள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நினைத்தது நடந்திருக்கும். ஆர்டிஸுக்கு நன்றி சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஆனால் அந்த வார்த்தையும் மற்றவற்றோடு எங்கேயோ மரத்துக் கிடந்தது.

"அப்போ நான் மட்டும் போனா வண்டி சரியா தாங்குது" என்றாள்.

"ஆமா. அளவெடுத்துத் தச்ச மாதிரி."

"ஆறு பேர் படுக்கற வீடு. ஒரு ஆளத் தாங்கற வண்டி."

"என் அண்ணன் வாங்கினது, வேற எப்படி இருக்கும்?"

ஆர்டிஸ் கதவைத் திறந்தாள். பிறகு இறங்கிப் பின்னால் போய் மூடியைத் தூக்கினாள். கருவிப் பெட்டியின் காதைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கோரின் வந்து இன்னொரு காதைப் பிடித்தாள். விரல் கடை நீளம் நகர்ந்தது.

பக்கத்து லாரிக்காரர், தாடியும் அரைக் கால்சட்டையுமாக அந்தக் குளிரில் நின்றவர், காபிக் கோப்பையை டயர் மேல் வைத்துவிட்டு வந்தார். "தள்ளுங்கம்மா, நான் பாத்துக்கறேன்." பெட்டியைத் தரையில் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இது, உள்ள பொணம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்ல. அவர் முன் சீட்டுல இருக்கார்" என்றாள் ஆர்டிஸ்.

லாரிக்காரர் சிரித்தார். முன் சீட்டைப் பார்த்தார். கறுப்பு டப்பாவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"பரவாயில்ல, போட்டுக்கங்க" என்றாள் கோரின். "அவனுக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கும்."

அவசரத்துக்கு வேண்டியது எதையாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஆர்டிஸ் பெட்டியைத் திறந்தாள். மேல் தட்டில் திருப்புளிகள். அதைத் தூக்கினால் ஸ்பானர்கள், ஒரே அளவில் மூன்று மூன்று. அதற்கும் கீழே, பெட்டியின் அடியில், கறுப்பாக வட்டமாக ஒன்று. அதில் சக்கர நட்டுகளும் பழைய ஊசிகளும் கிரீஸில் ஊறிக் கிடந்தன. கைப்பிடி தெரிந்ததும்தான் என்னவென்று புரிந்தது.

"இது உன் வாணலி மாதிரி இருக்கே" என்றாள் கோரின்.

ஆர்டிஸ் நட்டுகளைப் பெட்டிக்குள் கொட்டிவிட்டு வாணலியைத் தூக்கிப் பார்த்தாள். எட்டு பவுண்டு. இத்தனை குளிர்காலமும் இது டெக்சஸுக்குப் போய்விட்டு வந்திருக்கிறது. அவளுடைய காலுக்கு ஆறடி பின்னால், நட்டு போட்டு வைக்கிற தட்டாக. அவள் அலுமினியத்தில் முட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதெல்லாம் கூடவே இருந்திருக்கிறது. தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தாரா, கைக்கு அடக்கமாக ஒரு தட்டு வேண்டும் என்று வைத்திருந்தாரா? டெல்மரைப் பற்றி இரண்டையும் நம்பலாம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கவும் கூடும்.

"என்ன தோணுது?" என்றாள் கோரின், வழக்கம்போல.

"கிரீஸ் போகணும்" என்றாள் ஆர்டிஸ். வாணலியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி முன் சீட்டில் வைத்தாள். லாரிக்காரரிடம், "இந்தப் பெட்டிய ரெண்டு நிமிஷம் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"இதத் திருடறவன் முதுகு போயிடும்மா. போயிட்டு வாங்க."

"ஏறு" என்றாள் கோரினிடம்.

"எங்க?"

"மேடைக்கு. மறு எடை."

"நான் எதுக்கு? நான்தான் கணக்குல இல்லியே."

"உன் பூனைங்கள பாஸ்டரோட மருமகன் பாத்துக்க மாட்டானா? ட்ரெய்லர்தான் கிடைக்கல, பூனையாவது கிடைக்கட்டும்."

கோரின் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தாள். பிறகு டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வாணலியைக் காலடியில் தள்ளிக்கொண்டு ஏறினாள். தன்னையும் கூப்பிட மாட்டாளா என்று எத்தனை நாளாகக் காத்திருந்தாள் என்பது ஏறிய விதத்திலேயே தெரிந்தது.

ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.

"இருபது அதிகம்" என்றாள் ஆர்டிஸ்.

"நான் கோட்டக் கழட்டட்டுமா?"

"வாணலியும் உங்கண்ணனும் சேந்து பதினாலு."

"ரெண்டையும் இறக்க மாட்டே."

"மாட்டேன்."

"அப்போ டெக்சஸ் போய்ச் சேர்றதுக்குள்ள நான் இளைச்சுடறேன்."

"ஹௌகன்கள் இளைச்சதா இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்ல" என்று ஆர்டிஸ் வண்டியைக் கிளப்பினாள். இத்தனை எடை போட்டு, இத்தனை கழித்து, கடைசியில் இருபது பவுண்டு அதிகத்தோடு அவள் சம்மதித்தாள். டெல்மர் இருந்திருந்தால் கோரினுக்கு நூற்றைம்பது போட்டு அந்த இருபதை ஒரே வார்த்தையில் இல்லாமல் செய்திருப்பார். ஆர்டிஸ் அதை இருபதாகவே வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு ரமோனாவைக் கூப்பிட்டாள். "வர்றோம்."

"வர்றோமா? எத்தன பேரு?"

"ரெண்டு. மூணாவதுக்கு இடம் வேண்டாம்."

கருவிப் பெட்டியை மறுபடி லாரிக்காரரே ஏற்றிக்கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்து அதை ஷெட்டில் இறக்க, பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஆர்டிஸ் வாணலியை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். படிக்கட்டருகே வாளி நின்ற இடத்தில் நின்றது. இரும்பில் பிடித்த எண்ணெய்க்கசண்டைச் சோப்பு போட்டுக் கழுவக் கூடாது, கல்லுப்பு போட்டுத் தேய்க்க வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். வாளியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். போதவில்லை, இன்னொரு பிடி. படியில் உட்கார்ந்து, உப்பு கறுப்பாகும்வரை தேய்த்தாள், கொட்டினாள், மறுபடி அள்ளினாள். வாளி அரைக்குக் கீழே இறங்கியபோது வாணலி பளபளத்தது. மிச்ச உப்பைத் தூக்கிக்கொண்டுபோய், கிணற்றுத் தண்ணீருக்கு உப்பு போடுகிற தொட்டியில் கொட்டினாள், அது போக வேண்டிய இடத்தில். ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கான்சாஸில் ஒரு காலை, பெரிய ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லாத சமவெளி கிடந்தது. ஆர்டிஸ் வாணலியை அடுப்பில் வைத்து இரண்டு முட்டை உடைத்து ஊற்றினாள். கோரின் மேஜையில் தலைமுடியில் சுருள் ஊசிகளோடு உட்கார்ந்திருந்தாள். டப்பா ஜன்னல் ஓரத்தில் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் கோரின்.

ஆர்டிஸ் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். ருசி அவ்வளவாகத் தெரியவில்லை. ஆகஸ்டிலிருந்தே எதிலும் தெரிவதில்லை.

"ஒட்டல" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கப்புறம் கோரினுக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஆர்டிஸ் ஓட்டினாள். முகாமுக்கு ஒரு மைல் இருக்கும் இடம் மறுநாள் சாயங்காலம் வந்தது. பழக்கதோஷத்தில் கால் பிரேக்குக்குப் போயிற்று. வண்டி மெதுவாயிற்று. பிறகு அப்படியே போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தார்கள்.